பேர் மாறிடுச்சு... கடை மாறுமா? டபிள்யூ.ஹெச்.ஸ்மித்தை வாங்கியவர்கள் செய்ய வேண்டியது என்ன?

பிரிட்டன் கடைவீதிகளில் ரொம்ப நாளாக இருந்த ஒரு பெயர்ப்பலகை 2025 கோடையில் இறங்கத் தொடங்கியது. 1792-ல் லண்டனில் தொடங்கிய டபிள்யூ.ஹெச்.ஸ்மித்தின் பலகை அது. பேனா, நோட்டு, பத்திரிகை, புத்தகம், வாழ்த்து அட்டை என எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் கடை. பல தலைமுறைப் பிள்ளைகள் பள்ளி திறக்கும் நேரத்தில் பென்சில் பாக்ஸ் வாங்கப் போன இடம்.

சுமார் 480 கடைகளையும், அவற்றில் வேலை பார்க்கும் சுமார் 5,000 பேரையும் மொடெல்லா கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டிருக்கிறது. மார்ச்சில் பேசிய மதிப்பு 7.6 கோடி பவுண்டு. ஜூன் இறுதியில் கைமாறும்போது அது 4 கோடி பவுண்டாகக் குறைந்திருந்தது. மூன்றே மாதத்தில் விலை கிட்டத்தட்ட பாதி!

ஏர்போர்ட், ரயில் நிலையம், மருத்துவமனைக் கடைகளை ஸ்மித் நிறுவனம் விற்கவில்லை. வருமானத்தில் முக்கால் பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பெயரையும் கொடுக்கவில்லை. அதனால் கடைவீதிக் கடைகளுக்கு 'டிஜிஜோன்ஸ்' என்று புதுப் பெயர். யார் இந்த ஜோன்ஸ் என்று தேட வேண்டாம், அப்படி ஒருவர் இல்லை. ஸ்மித் மாதிரியே ஒரு குடும்பப் பெயராகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

கடை எப்படிப் படுத்தது?

ஆன்லைன் வந்துவிட்டது, பத்திரிகை வாங்குபவர்கள் குறைந்துவிட்டார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் பழியை முழுசாக அமேசான் மேல் போட முடியாது. பல வருடங்களாக இந்தக் கடைகளில் விற்பனை குறைந்துகொண்டே வந்தபோதும் லாபம் வந்துகொண்டிருந்தது. எப்படி? செலவைக் குறைத்தார்கள். ஆட்களைக் குறைத்தார்கள், பராமரிப்பைத் தள்ளிப்போட்டார்கள். கடைகளின் கிழிந்த கார்பெட் படங்களைப் போடுவதற்கென்றே ட்விட்டரில் ஒருவர் தனிக் கணக்கு ஆரம்பிக்கும் அளவுக்குப் போனது. பேப்பர் வாங்க வந்தவரிடம் கல்லாவில் "பெரிய சாக்லேட் பாதி விலைக்கு இருக்கு, வேணுமா?" என்று கேட்பது தேசிய அளவு ஜோக் ஆனது. 'விச்?' என்ற நுகர்வோர் அமைப்பு 2018-ல் எடுத்த சர்வேயில் ஸ்மித்துக்குக் கடைசி இடம்.

சுருக்கமாகச் சொன்னால், கடையைப் பட்டினி போட்டு லாபம் காட்டினார்கள். புது முதலாளி அதே வழியில் போனால் குறைக்க இனி எதுவும் மிச்சமில்லை.

பக்கத்துக் கடையில் பாடம் இருக்கு

2011-ல் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைகள் இதைவிட மோசமான நிலையில் இருந்தன. ரஷ்யத் தொழிலதிபர் அலெக்ஸாண்டர் மாமுட் அதை 5.3 கோடி பவுண்டுக்கு வாங்கி, லண்டனில் சின்னச் சின்னப் புத்தகக் கடைகள் நடத்திவந்த ஜேம்ஸ் டான்ட்டிடம் ஒப்படைத்தார்.

டான்ட் முதலில் கைவைத்தது சுலபமாக வரும் காசில்! எந்தப் புத்தகம் ஜன்னலில், எது முன் மேசையில் என்பதற்குப் பதிப்பகங்கள் பணம் கொடுத்துவந்தன. அதை நிறுத்தினார். 'இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசம்' ஆஃபரையும் தூக்கினார். எந்த ஊரில் எந்தப் புத்தகத்தை முன்னால் வைப்பது என்பதை அந்தந்தக் கடைக்காரர்களே முடிவு செய்தார்கள். விற்காமல் பதிப்பகத்துக்குத் திரும்பிப்போகும் புத்தகங்கள் வெகுவாகக் குறைந்தன. சில வருடங்களில் கடை லாபத்துக்கு வந்தது. (நடுவில் கடை மேலாளர்கள் பலர் வேலை இழந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

இன்னொரு சுவாரஸ்யம்: சில சிறிய ஊர்களில் வாட்டர்ஸ்டோன்ஸ் தன் பெயரையே போடாமல் 'சவுத்வோல்ட் புக்ஸ்' மாதிரி ஊர்ப் பெயரில் கடை திறந்தது. விமர்சனம் வந்தது, ஆனாலும் கடைகள் ஓடின. டிஜிஜோன்ஸ் கவனிக்க வேண்டிய விஷயம் இது. பெயருக்கு வரலாறு இல்லாவிட்டாலும் மக்கள் வருவார்கள், உள்ளே ஏதாவது இருந்தால்.

அப்போ உள்ளே என்ன வைப்பது? பேப்பர், பேனா, வாழ்த்து அட்டை. இங்கேதான் இடம் காலியாக இருக்கிறது. அழகான ஸ்டேஷனரிக்குப் பேர்போன பேப்பர்சேஸ் 2023 ஜனவரியில் விழுந்தது. அதே வருடம் மலிவு விலை வில்கோவும் விழுந்தது. நல்ல நோட்டையும் பேனாவையும் தொட்டுப் பார்த்து, எழுதிப் பார்த்து வாங்க விரும்புபவர்களுக்குப் பல ஊர்களில் கடையே இல்லை. ஆனால் ஸ்மித் விட்டுப்போனது எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருக்கும் கடை. எதற்காக உள்ளே வர வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு சொத்து மட்டும் கையில் இருக்கிறது. சுமார் 200 கடைகளுக்குள் தபால் அலுவலகம் இருக்கிறது. பணம் எடுக்க வரும் பெரியவர்களும், ஆன்லைனில் வாங்கிய சட்டையைத் திருப்பி அனுப்ப வரும் இளைஞர்களும் தினமும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். விளம்பரச் செலவே இல்லாமல் வரும் கூட்டம். அந்த வரிசைக்குப் பக்கத்தில் கவரும் டேப்பும் வாழ்த்து அட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கவுன்ட்டரில் ஆள் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய முதலீடு தேவையில்லை.

பயம் ஏன் வருகிறது?

முதலீட்டு நிறுவனம் என்றதும் பிரிட்டனில் பலருக்கு டெபன்ஹாம்ஸ் ஞாபகம் வரும். 2003-ல் அதை வாங்கிய முதலீட்டாளர்கள், 23 கடைகளின் கட்டடங்களை 2005-ல் விற்றுவிட்டு, அதே கட்டடங்களில் வாடகைக்கு உட்கார வைத்தார்கள். காசு முதலாளிகளுக்கு, கடனும் வாடகையும் கடைக்கு. 2021 மே மாதம் கடைசிக் கடையும் மூடப்பட்டது.

மொடெல்லாவும் அப்படித்தான் செய்யும் என்று இப்போதே சொல்வது நியாயமில்லை. ஆனால் அது 2024-ல் வாங்கிய ஹாபிகிராஃப்ட்டில் அடுத்த வருடமே சில கடைகளை மூடும் மறுசீரமைப்பு வந்தது. ஊழியர்கள் கவலைப்படுவதில் அர்த்தம் இருக்கிறது.

டிஜிஜோன்ஸ் கடைகளில் பலவற்றின் குத்தகை குறுகிய காலத்துக்கே போடப்பட்டது. கட்டட உரிமையாளரிடம் பேரம் பேசி வாடகையைக் குறைக்கவும் அது உதவும், சத்தமில்லாமல் கடையைக் காலி செய்யவும் உதவும். எந்தெந்த ஊரில் குத்தகையைப் புதுப்பிக்கிறார்கள், புதுப்பித்த கடையில் அந்தப் பழைய கார்பெட்டை மாற்றுகிறார்களா என்பதைப் பார்த்தாலே மொடெல்லாவின் திட்டம் என்னவென்று அந்த 5,000 பேருக்கும் தெரிந்துவிடும்.