மருந்துக்கு இரண்டு பூட்டு: காப்புரிமை தெரியும், ‘தரவுப் பாதுகாப்பு’ தெரியுமா?

ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் இருப்பவர்களும் சரி, தோட்டத்தை விட்டு மலாக்கா பட்டணத்துக்கு வந்துவிட்டவர்களும் சரி, அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மாத்திரை வாங்கி வருகிறார்கள். மீதி விலையை ஏற்பது சுகாதார அமைச்சு. அந்த விலையை நிர்ணயிப்பதில் வாணிப ஒப்பந்தங்களுக்கும் பங்குண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துடனான தடையற்ற வாணிபப் பேச்சு 2025 ஜனவரியில் மறுபடியும் தொடங்கியதால், இதை இப்போது கவனிக்க வேண்டியுள்ளது.

முதல் பூட்டு காப்புரிமை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். இதை மலேசியா இரண்டு முறை திறந்திருக்கிறது. 2003-இல் எச்.ஐ.வி. மருந்துகளின் மலிவு வகையை இந்தியாவிலிருந்து தருவித்தபோது, ஒரு நோயாளிக்கான மாதச் செலவு சுமார் 315 அமெரிக்க டாலரிலிருந்து 58 டாலருக்கு இறங்கியது.

அடுத்தது ஹெபடைடிஸ் சி. கிலியட் நிறுவனத்தின் சோஃபோஸ்புவிர் மாத்திரை 12 வாரத்துக்கு அமெரிக்காவில் 84,000 டாலர். மலிவாக விற்க இந்திய நிறுவனங்களுக்கு கிலியட் 2014-இல் அனுமதி தந்த நாடுகளின் பட்டியலில் மலேசியா இல்லை. ஏழை நாடு அல்லவாம்! 2017 ஆகஸ்டில்தான் மலேசியாவும் சேர்க்கப்பட்டது. ஆனாலும் டாக்டர் ச. சுப்பிரமணியம் அமைச்சராக இருந்த சுகாதார அமைச்சு பின்வாங்கவில்லை. 1983 காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவைப் பயன்படுத்துவதாக செப்டம்பரில் அறிவித்தது. சட்டம் கையில் இல்லாமல் வெறும் பேச்சுவார்த்தையை நம்பியிருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியுமா என்பது சந்தேகமே.

சரி, இரண்டாவது பூட்டு என்ன? புது மருந்து பாதுகாப்பானது, பலன் தருவது என்று நிரூபிக்க நிறுவனம் நோயாளிகளிடம் சோதனை நடத்தித் தரவுகளை ஒப்படைக்கிறது. பிறகு வரும் மலிவு மருந்து, தானும் உடலில் அதே மாதிரி வேலை செய்கிறது என்று காட்டினால் போதும்; பழைய தரவை நம்பி அதைப் பதிவு செய்துவிடலாம். தரவுப் பாதுகாப்பு இருக்கும் காலத்தில் இது நடக்காது. சோதனையை முதலிலிருந்து செய்யச் சொன்னால் செலவு மட்டுமல்ல, குணமாக்கும் மருந்து இருப்பது தெரிந்தும் சில நோயாளிகளுக்கு அதைக் கொடுக்காமல் சோதிக்கவும் நேரலாம். அங்கேதான் சிக்கல்: காப்புரிமையை அரசாங்கம் தாண்டினாலும், பதிவு கிடைக்காத மருந்து மருத்துவமனைக்குள் வராது.

மலேசியாவில் இந்த விதி 2011 மார்ச் முதல் அமலில் உள்ளது. புது மருந்துக்கு அதிகபட்சம் 5 ஆண்டுகள். ஆனால் உலகில் எங்காவது முதலில் பதிவான நாளிலிருந்தே கணக்கு ஆரம்பிக்கிறது. 18 மாதத்துக்குள் இங்கே விண்ணப்பிக்கவும் வேண்டும். தாமதித்தால் நஷ்டம் நிறுவனத்துக்கே. கட்டாய உரிமம், பொதுச் சுகாதாரத் தேவை என்றால் பாதுகாப்பு செல்லாது.

ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் போகிறது, பாதுகாப்பு இல்லாவிட்டால் புது மருந்து இங்கே தாமதமாகத்தான் வரும் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்குத்தான் அந்த 5 ஆண்டு.

ஐரோப்பாவிலோ தரவுப் பாதுகாப்பு 8 ஆண்டுகள். 2022 நவம்பரில் நமக்கு அமலான பசிபிக் வட்டார வாணிப ஒப்பந்தத்திலும் இப்படிப்பட்ட விதிகள் இருந்தன. அமெரிக்கா விலகிய பிறகு அவை நிறுத்தி வைக்கப்பட்டன. 2019 தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே அது எல்லா இனத்தையும் விட அதிகம். அதற்கான புது மருந்துகளும் இதே பூட்டுகளுக்குள்தான்.

ஐரோப்பிய ஒப்பந்தத்தின் வாசகம் வெளியானால் முதலில் தேட வேண்டியவை: தரவுப் பாதுகாப்பு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, பொதுச் சுகாதார விதிவிலக்கு அப்படியே இருக்கிறதா.