கசினோ உள்ள ஹோட்டலும் நாம் கேட்க மறந்த கேள்வியும்

கொழும்பு கொம்பனித்தெருவில், நீதியரசர் அக்பர் மாவத்தையில், சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் 2025 ஓகஸ்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஜோன் கீல்ஸும் மெல்கோவும் சேர்ந்து நடத்தும் இதன் முதலீடு 100 கோடி டொலருக்கும் மேல். மலாய் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் தெரு, மலாய் நீதியரசர் ஒருவரின் பெயரில் வீதி, அதில் கசினோ! அதை என்னவென்று சொல்வது?

அங்கே தங்கலாமா, வலீமா வைக்கலாமா என்றுதான் நம்மவர்கள் விவாதிக்கிறார்கள். ஹோட்டல் முகாமைத்துவம் படித்த என் பழைய மாணவன் வேறு விதமாகக் கேட்டான்: "ஸேர், அங்க கிச்சன்ல வேலை செய்தா சம்பளம் ஹலாலா?" பத்வா சொல்ல நான் ஆலிம் அல்ல; உலமாக்களிடம் கேட்கச் சொன்னேன். வாப்பா இல்லாத வீட்டுப் பிள்ளை அவன். வலீமா மண்டபத்தை மாற்றுவது போல அவனால் வேலையை மாற்ற முடியாது.

டொலர் வரும், தொழில் வரும் என்கிறது அரசாங்கம். வரலாம். சூதில் பயனும் உண்டு, பாவமே பெரிது என்பது சூரா பகரா 219ஆம் வசனத்தின் கருத்து.

சிங்கப்பூரும் 2010இல் கசினோவைத் திறந்தது. ஆனால் சொந்தப் பிரஜைகளிடம் நுழைவுக்கு 100 டொலர் அறவிட்டது. 2019இல் அதை 150 ஆக்கியது. சூதாடியின் மனைவியோ பெற்றோரோ விண்ணப்பித்து அவரை உள்ளே விடாமல் தடுக்கவும் அங்கே சட்டம் இடம் தருகிறது.

இங்கும் 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியது. குடும்பத்தாரின் அந்த உரிமையை இங்கும் உறுதிப்படுத்துமாறு நமது எம்.பி.க்கள் சபையில் கேட்கட்டும். சிங்களத் தாய்க்கும் தமிழ் மனைவிக்கும் அது தேவை.