காயலான் கடைக்கு யார் காவல்?

ஓடாத விசைத்தறியை எடைக்குப் போட்டால் எங்க ஆர்.கே.பேட்டை காயலான் கடைக்காரர் முதலில் காந்தத்தை எடுப்பார். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பித்தளையோ அலுமினியமோ. காந்தத்துக்குப் பிடிபடாத வேறொன்றும் அந்தக் குவியலில் வரலாம் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

பேரழிவு ஆயுதப் பொருள்கள் பயங்கரவாதிகளிடம் சிக்கக் கூடாதென்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2004-இல் 1540-ஆம் தீர்மானம் போட்டது. மறுவருடமே நம் நாடாளுமன்றமும் தனிச்சட்டம் போட்டது. நல்ல சட்டம்தான். ஐந்து வருடம் கழித்து, 2010 பிப்ரவரியில், டெல்லிப் பல்கலைக்கழகம் வேதியியல் துறையில் பல வருடம் சும்மா கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்றை ஏலம் விட்டது. உள்ளே கோபால்ட்-60. மாயாபுரியில் பிரித்து உடைத்தார்கள். ஒருவர் துண்டொன்றைப் பர்சில் வைத்துக்கொண்டார். தோல் கறுத்தது, முடி கொட்டியது. ஏப்ரலில் ஒரு தொழிலாளி செத்துப்போனார்.

எந்தத் தீவிரவாதியும் சுவரேறிக் குதிக்கவில்லை. ஏலம் கேட்டவரிடம் நாமே தூக்கிக் கொடுத்தோம்.

கோபால்ட்டில் அணுகுண்டு செய்ய முடியாதே என்பார்கள். முடியாதுதான். ஆனால் சாதாரண வெடிமருந்தோடு சேர்த்து வெடித்தால் ஒரு கடைத்தெருவையே காலி செய்ய வைக்கலாம். அணுசக்திப் பயங்கரவாதம் என்று மாநாடு கூட்டிப் பேசுவதில் பாதி இந்த பயம்தானே?

1983-இல் அமைத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சுதந்திரமில்லை, எக்ஸ்ரே கூடங்களில் பெரும்பாலானவை பதிவே ஆகவில்லை என்று 2012-இல் தணிக்கைத் துறைத் தலைவரே எழுதினார். அந்தக் காலத்தில் அரசு எங்கே மும்முரமாக இருந்தது? கூடங்குளத்தில், கேள்வி கேட்ட மீனவர்கள்மேல் ஆயிரக்கணக்கில் தேசத்துரோக வழக்குப் போடுவதில். அதே நிலையம் 2019 அக்டோபர் 29 அன்று, கணினித் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்றது. மறுநாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாகக் கணினி ஒன்றில் வைரஸ் இருந்தது, உலையோடு அதற்குத் தொடர்பில்லை, செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் வந்துவிட்டது. அப்படியானால் முதல்நாள் மறுப்பு யாரிடமிருந்து எதைக் காப்பாற்றியது? வைரஸை அனுப்பியவனுக்கு விஷயம் தெரியும். தெரியாதவர்கள் நாம்தான்.

எங்க ஊர் ஆந்திர எல்லையை ஒட்டியது. ரேஷன் அரிசி கடத்தலைப் பிடிக்க வண்டியை நிறுத்தி மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள். பழைய இரும்பு வண்டிக்கு அந்தக் கவனம் கிடையாது. மஞ்சளில் மூன்று இதழ் போட்ட கதிர்வீச்சு அடையாளத்தை அச்சடித்து, 'இதைக் கண்டால் தொடாதே, உடைக்காதே' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, கூடவே ஒரு போன் நம்பரும் போட்டு, காயலான் கடைக்குக் கடை ஒட்ட என்ன செலவாகும்?