வாய்ச்சொல்லுக்கும் கையெழுத்துக்கும் நடுவே

இலண்டன் மாநகரின் வடமேற்கு ஓரத்தில் ஹாரோ என்றொரு பகுதி இருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன் அதன் பெரும்பாகம் வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்தது. மெட்ரோபாலிட்டன் இரயில் பாதை வந்தபின், 1920களிலும் 1930களிலும் அங்கே தெருத்தெருவாக வீடுகள் எழுந்தன. பெரும்பாலானவை இரட்டை வீடுகள். நடுச்சுவர் ஒன்று, அதன் இரு பக்கமும் இரு குடும்பங்கள். முன்னால் சிறு தோட்டம், பின்னால் சற்றுப் பெரிய தோட்டம். இன்று இலங்கைத் தமிழர் கடைகளும் பள்ளிவாசலும் அப்பகுதியில் உண்டு. ஆனால் கடைத்தெருவை விட்டு உள்ளே நான்கு தெருக்கள் நடந்துவிட்டால், பகற்பொழுதிலும் மனித அரவமே இராது. நம்மூர்க்காரருக்கு முதலில் அது அச்சமூட்டும் அமைதியாகத்தான் தோன்றும்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்கே என் தங்கை மகனிடம் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். கடைத்தெருவில் ஒரு கடைக்கு மேலிருந்த இரண்டறை மாடியில், மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் அவன் வாடகைக்கு இருந்தான். பிள்ளைகளை ஓடாதே, குதிக்காதே என்று அடக்கியே வளர்த்தார்கள். நான் சென்ற வேளையில் வீட்டுக்காரர் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்திருந்தார். காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லாத சட்டம் அப்போது இருந்தது. ஆகவே வீடு தேடும் படலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

வட்டிக்குக் கடன் வாங்கி வீடு வாங்குவதில்லை என்பதில் அவன் உறுதியாக இருந்தான். அல்ஹம்துலில்லாஹ்! வங்கியும் அவனும் பங்காளிகளாக வீட்டை வாங்குவது. வங்கியின் பங்குக்கு அவன் வாடகை செலுத்திக்கொண்டே, இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக விலைக்கு வாங்கி முடிப்பது என்ற முறையில் ஏற்பாடு செய்திருந்தான். ‘குறைந்து செல்லும் முஷாரகா’ என்பார்கள். முன்பு இத்தகைய வாங்குதலில், வங்கி வாங்கும்போது ஒருமுறையும் அது வாடிக்கையாளருக்குக் கைமாறும்போது இன்னொரு முறையுமாக முத்திரை வரி இருமுறை விழுந்தது. 2003ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் அந்த இரட்டை வரியை அரசு நீக்கியது. அடுத்த ஆண்டே இஸ்லாமிய முறையில் மட்டும் இயங்கும் வங்கியொன்றும் அங்கே தொடங்கப்பட்டது. வாடகையைச் சந்தை வட்டி விகிதத்தை ஒட்டியே நிர்ணயிக்கிறார்களே என்று குறை கூறும் ஆலிம்களும் இருக்கிறார்கள். அந்த விவாதத்தை இன்னோர் இதழுக்கு வைத்துக்கொள்வோம். நடைமுறைச் சிரமம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கையிலிருந்தே போட வேண்டியிருந்தது. அதைச் சேர்க்கக் கணவன் மனைவி இருவருக்கும் பதினோரு ஆண்டுகள் பிடித்தன.

பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திற்குப் பத்து நிமிட நடையில் ஒரு வீடு அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அமைதியான தெரு, பின்தோட்டத்தில் ஓர் ஆப்பிள் மரம். ஆனால் அவன் பார்க்கும் முன்பே ஓர் இளம் தம்பதியர் 5,80,000 பவுனுக்குப் பேசி முடித்துவிட்டனர். ஒருநாள் மாலை தரகு நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. “அவர்களுடைய வங்கி தாமதம் செய்கிறது. நீங்கள் பத்தாயிரம் கூடுதலாகத் தருவதானால் வீட்டுக்காரரிடம் பேசுகிறேன். நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள்.”

இங்கிலாந்தின் முறையை வாசகர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். விலை ஒத்துக்கொள்ளப்பட்டதும் விற்பனை முடிந்துவிடுவதில்லை. இரு தரப்பு வழக்கறிஞர்களும் பத்திரங்களை ஆராய்வார்கள், கட்டடத்தைச் சோதிப்பார்கள், பெரும்பாலும் சில மாதங்கள் கழிந்தபின் ஒப்பந்தங்கள் கைமாறும். வழக்கமாகப் பத்து விழுக்காடு முன்பணம் கட்டப்படுவதும் அன்றுதான். அந்த நாள்வரை எவரும் எவரையும் கட்டுப்படுத்த முடியாது. விற்பவர் கூடுதல் விலைக்கு வேறொருவரிடம் போகலாம். ‘கசம்பிங்’ என்று அதற்கொரு பெயரே உண்டு. அந்நாட்டார் அதை இழிவாகவே கருதுகிறார்கள், சட்டம் தடுக்கவில்லை.

“மாமா, சட்டத்தில் இடமிருக்கிறது. நாங்களாகப் போய்க் கேட்கவும் இல்லை. என்ன செய்யலாம்?” என்றான்.

உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. வாப்பா கட்டிய வீட்டில் வாழ்நாளெல்லாம் வாடகையின்றி இருக்கும் நான், தெருவில் நிற்கப்போகும் ஐந்து பேருக்குத் தீர்ப்புச் சொல்வது எளிதன்று. மருமகள் அடுக்களை வாயிலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகோதரர் ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின்மீது மற்றவர் விலை பேசுவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். நாம் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் பாடம்தான். ஏலத்தில் போட்டியிடுவதும், விலை முடிவாகும் முன் இருவர் கேட்பதும் கூடும். இருவரும் ஒரு விலைக்கு மனமொத்து இணங்கிய பின்னரே தடை வருகிறது. அதன்பின் குறுக்கே சென்று வாங்கினால் ஷாஃபிஈ மத்ஹபில் வியாபாரம் செல்லும். ஆனால் செய்தவர்மீது பாவம் சேரும். ‘சகோதரர்’ என்ற சொல் முஸ்லிமை மட்டும்தானே குறிக்கும் என்று இமாம்களில் சிலர் கூறியிருப்பினும், பெரும்பான்மையோர் முஸ்லிமல்லாதாரையும் இத்தடையில் சேர்த்தே கூறியுள்ளனர். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். “கையெழுத்தாகவில்லையே?” என்று மருமகள் கேட்டாள். நியாயமான கேள்வி. விலையும் வாங்குவோர் பெயரும் எழுதிய தாளைத் தரகர் இரு தரப்புக்கும் அனுப்பிவிட்டார் என்பதை விசாரித்து அறிந்தபின், எனக்கு ஐயம் நீங்கிவிட்டது.

மறுநாள் காலையிலேயே அவன் தொலைபேசியில் மறுத்துவிட்டான். தரகர் வியந்தாரோ, சலித்துக்கொண்டாரோ, அறியேன். அன்று பகல் முழுவதும் அந்த வீட்டில் எவரும் என்னோடு அதிகம் பேசவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்த இளம் தம்பதியர்க்கு இப்படியொன்று நடந்ததே தெரிந்திருக்காது.

நான் ஊர் திரும்பிய பின், அவர்கள் இன்னும் சிறியதொரு வாடகை வீட்டில் எட்டு மாதங்கள் இருந்தார்கள். 2025ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ரெய்னர்ஸ் லேன் பக்கம் வேறொரு வீடு அமைந்தது. பள்ளிக்கூடம் தொலைவு, ஆப்பிள் மரமும் இல்லை. அங்கே வீடு விற்பவர் நிரப்பித் தரும் படிவமொன்றில், அண்டை வீட்டாருடன் பிணக்கு ஏதும் உண்டா என்றொரு கேள்வி இருக்கிறது. வீட்டைப் பார்க்குமுன் அண்டை வீட்டாரைப் பார் என்ற அரபு முதுமொழியை அறிந்த நமக்கு, அக்கேள்வி மிகவும் பொருத்தமாகப்படும். (ஹனஃபி மத்ஹபில், விற்கப்படும் வீட்டை முதலில் வாங்கும் உரிமையே அண்டை வீட்டாருக்கு உண்டல்லவா!) அந்த விற்பனையாளர் ‘உண்டு’ என்றே நேர்மையாக எழுதியிருந்தார். இரு வீடுகளுக்கும் நடுவே பொதுவாக ஒரு வண்டிப்பாதை. இரவில் கார் வந்து நிற்கும் ஓசையால் பக்கத்து வீட்டு முதியவருக்கு உறக்கம் கெடுகிறது.

வழக்கறிஞர் தயங்கினார். மருமகன் முன்பணம் கட்டுமுன் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அம்முதியவரின் கதவைத் தட்டினான். தான் வாங்க எண்ணியிருப்பதைச் சொல்லிவிட்டு, ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே ஒன்பதே கால் ஆகிவிடுவதையும், இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து திரும்பப் பதினொன்று தாண்டிவிடும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னானாம். முதியவர் சற்று நேரம் யோசித்தார். அந்த நாட்களில் மட்டும் காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றான்.

பிள்ளைகளுக்கு அவர் பிஸ்கட் கொடுத்தாராம். ஜெலட்டின் கலந்ததா என்று என் மருமகள் பொட்டலத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தபோது, தம்முடைய மூக்குக் கண்ணாடியையும் எடுத்து வந்து அவரும் கூடவே படித்தார் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறாள்.