ஊழியக் காணிக்கை: எமது நிலைப்பாடு

மட்டக்களப்பின் புளியந்தீவிலும் வாவியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மெதடிஸ்த மரபில் வழிபட்டு வரும் சபையாராகிய நாங்கள், இவ்வறிக்கையை எங்கள் பெயராலேயே வெளியிடுகிறோம். பேராயத்தின் சார்பிலோ குருமார் சார்பிலோ நாங்கள் பேசவில்லை. காணிக்கைப் பையில் பணம் போடுகிறவர்கள் என்ற உரிமையில் பேசுகிறோம்.

கேள்வி இதுதான்: நற்செய்தி ஊழியத்துக்கென்று தனியே ஒதுக்கும் காணிக்கையை இனியும் ஒதுக்க வேண்டுமா? 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு இது அடிக்கடி எழுகிறது. ஆலயக் கூரை ஒழுகுகிறது, மருந்து வாங்க வழியில்லாதவர்கள் சபைக்குள்ளேயே இருக்கிறார்கள், இந்த நேரத்தில் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக்கு ஊழியரை அனுப்ப என்ன அவசரம் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். மதமாற்றக்காரர் என்ற பழியை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பது இன்னொரு சாராரின் கேள்வி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனாலும் ஒதுக்க வேண்டும் என்பதே எங்கள் முடிவு. ஒதுக்குகிற விதமும் செலவழிக்கிற விதமும் மாற வேண்டும் என்பதையும் அதே உறுதியோடு சொல்கிறோம்.

நாங்களே பிறர் போட்ட காணிக்கையால் உண்டான சபை. 1813 ஒக்டோபர் 6ஆந் திகதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மெதடிஸ்தர் கூடி, வெளிநாட்டு ஊழியத்துக்குப் பணம் திரட்டுவதற்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அக்காலத்தில் இப்படி எழுந்த சங்கங்களுக்கு வாரம் ஒரு பென்னி வீதம் கொடுத்து வந்தவர்களில் பலர் கூலிவேலைக்காரர். இலங்கைக்கு வரும் குழுவின் செலவுக்குத் தம் சொந்தப் பணத்தில் 6,000 பவுண் வரை தருவதாகச் சொல்லிப் புறப்பட்டவர் கலாநிதி தோமஸ் கோக். 1814 மே 3ஆந் திகதி அவர் நடுக்கடலில் இறந்தார். பணத்துக்கான ஏற்பாடெல்லாம் அவர் பெயரில் இருந்தது. பம்பாயில் இறங்கிய இளம் ஊழியர்களின் கையில் செலவுக்குக் காசில்லை. அங்கிருந்த வணிகர் ஒருவர் சங்கத்தை நம்பி முன்பணம் கொடுத்திராவிட்டால், அவர்களில் பலர் ஜூன் 29ஆந் திகதி காலியில் கரையேறியிருக்கவே முடியாது.

அந்தக் குழுவில் மட்டக்களப்புக்கு வந்தவர் வில்லியம் ஓல்ட். மனைவியை ஏற்கெனவே கடலில் பறிகொடுத்திருந்தார். புளியந்தீவில் அந்த ஆண்டிலேயே பாடசாலை தொடங்கினார். 1815 ஏப்ரல் முதலாந் திகதி இங்கேயே காலமானார். ஓர் ஆண்டுகூட முழுதாக இல்லை. அவர் தொடங்கியது இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரி. எங்களில் பலரும், எங்கள் சைவ, முஸ்லிம், கத்தோலிக்க அயலவர் பலரும் அங்கே படித்தோம். இந்தக் கடனுக்கு வட்டி லீட்ஸுக்குப் போக வேண்டியதில்லை. வாவிக்கு அப்பால் போனால் போதும்.

இந்த வரலாற்றை ஜூபிலி மலர்களில் எழுதுகிற மாதிரி இனிப்பாக மட்டும் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. ஓல்டும் தோழர்களும் வந்தபோது அவர்களை வரவேற்றது ஆளுநர் பிரவுன்றிக்கின் அரசு. ஆங்கிலப் பாடசாலை நடத்துங்கள், உதவிப்பணம் தருகிறோம் என்றது. அதற்கு முந்திய ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் பெறாதவனுக்கு அரச பதவி இல்லை. பதவிக்காகப் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டில் தன் வழிபாட்டைத் தொடர்ந்தவர்களைச் சனம் நன்றாக அறிந்திருந்தது. ஆட்சி மாறியதும் அந்தக் கிறிஸ்தவம் பெரும்பாலும் கரைந்து போனது.

நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்று இதைவிடக் கசப்பானது. 1830களின் இறுதியில் வேடர் மக்களிடையே அரசும் மெதடிஸ்த ஊழியமும் சேர்ந்து வேலை செய்தன. அரசு குடிசை கட்டிக் கொடுத்தது, காணி கொடுத்தது, கிணறு வெட்டிக் கொடுத்தது. ஊழியர் ரால்ப் ஸ்டொட் போதித்தார், பள்ளி வைத்தார். பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஸ்டொட்டின் உள்ளத்தை நாங்கள் சந்தேகிக்கவில்லை. இங்கே கற்ற தமிழோடு 1862இல் தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குப் போய், கரும்புத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளருக்காக முதுமையிலும் உழைத்த மனிதர் அவர். ஆனால் காணியும் வீடும் ஒரு கையிலும் ஞானஸ்நானம் மறு கையிலுமாக நீட்டப்படும்போது, வாங்குகிறவன் எதற்காகக் கை நீட்டினான் என்பது அவனுக்கே தெளிவாக இருக்காது. இனி வாகரைப் பக்கமோ வேறெங்கோ ஊழியம் செய்யப் போகிறவர்கள் இதை அறிந்துகொண்டு போக வேண்டும்.

இப்படிப்பட்ட ஊழியத்துக்கு இந்த மண் பதில் சொல்லாமல் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். கிழக்கில் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்த சுவாமி விபுலாநந்தர், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். இவர்களை ஊழியத்தின் எதிரிகளாகப் பேசும் பழக்கம் எங்கள் பெரியவர் சிலரிடம் இருந்தது. அது எங்களுக்கு உடன்பாடில்லை. சைவப் பிள்ளை தன் சமயத்தை விடாமலே படிக்க ஒரு பாடசாலை வேண்டியிருந்தது, அவர்கள் கட்டினார்கள். அதனால் மட்டக்களப்புக்குக் கிடைத்த நன்மையில் எங்கள் பிள்ளைகளுக்கும் பங்குண்டு.

1960 டிசம்பரில் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, ஊழியத்தின் பெரிய கருவி கையை விட்டுப் போனது. அன்று அழுதார்கள். இன்று பார்த்தால் அதில் ஒரு விடுதலையும் இருக்கிறது. பாடசாலை அனுமதியும் ஆசிரியர் வேலையும் கொடுக்கிற அதிகாரம் இல்லாத சபையிடம் இனி வருகிறவர், சபைக்காகவே வருகிறார். 1964இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை தன்னாட்சி பெற்ற பிறகு, ஊழியத்தின் செலவும் நம் தலையில்தான்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தான் விரும்பும் மதத்தை ஏற்கும் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. 2003இல் ஹோலி குறொஸ் அருட்சகோதரிகளின் கூட்டிணைப்புச் சட்டமூலத்தை ஆராய்ந்தபோது, மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பு பாதுகாக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் கூறியது. 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, அச்சகோதரிகளின் உரிமை மீறப்பட்டதாகக் கண்டது. இடையில் 2004இல் ஜாதிக ஹெல உறுமய கட்சி கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. அப்படியான சட்டத்தை நாங்கள் எதிர்க்கிறோம். ஒருவன் மனம் மாறியது அரிசிக்காகவா ஆண்டவருக்காகவா என்று கிராம சேவையாளரோ பொலிசோ தீர்மானிக்க முடியாது. ஆசை காட்டி ஆள் சேர்ப்பது தவறு என்பதையும் அதே மூச்சில் சொல்கிறோம். அதைத் தடுக்க வேண்டிய முதல் ஆள் சபைதான். சபை தன் வீட்டைத் துப்புரவாக வைத்திருந்தால் சட்டம் கேட்பவர்களின் வாய் பாதி அடங்கும்.

ஆகவே நிவாரணமும் ஊழியமும் வெவ்வேறு பணப்பெட்டியிலிருந்து, வெவ்வேறு ஆட்களால், வெவ்வேறு நாட்களில் நடக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உலருணவுப் பொதியோடு பிரசுரமும் வைத்து விநியோகித்தவர்களை நாடே கண்டது. அவர்கள் எங்கள் சபையாராக இல்லாவிட்டாலும், ‘வேதக்காரர்’ என்ற ஒரே பெயரில் பழி எல்லோர் மேலும் விழுந்தது. வெள்ளம் வந்த கிராமத்துக்குப் போகும் நம் இளைஞர்கள் அங்கே ஜெபக்கூட்டம் அறிவிக்கக் கூடாது. பெற்றோர் அறியாமல் பிள்ளைகளை ஞாயிறு பாடசாலைக்குக் கூட்டி வரக் கூடாது. கோயில் திருவிழா நடக்கும் ஊரில் ஒலிபெருக்கி கட்டி அம்மனைப் பழிக்கும் பிரசங்கத்துக்கு எங்கள் காணிக்கையில் ஒரு சதமும் போகக் கூடாது. ‘வேண்டாம்’ என்று சொன்ன வீட்டுக்கு மறுபடி போகக் கூடாது. இதையெல்லாம் அறிந்தும் மீறுகிற ஊழியருக்கான ஆதரவை நிறுத்தும்படி கேட்கத் தயங்க மாட்டோம்.

இதைவிட எங்களுக்கு உறுத்தலாக இருப்பது ஊழியரின் சம்பளம். ஊழியத்தை ஆதரிக்கிறோம் என்று கைதட்டுகிற நாம், கிராமத்தில் தங்கி வேலை செய்கிறவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்பதில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் தன் கைக்காசு, பிள்ளையின் ரியூஷன் காசு கடன், மனைவி தையல் தைத்து வீட்டை ஓட்டுகிறார். விசுவாசத்தால் வாழட்டும் என்று அவருக்கு உபதேசம் செய்கிறோம். நாம் மாதச் சம்பளத்தால் வாழ்கிறோம். பசியோடு இருக்கிற ஊழியர்தான் வெளிநாட்டு நிதிக்காரர் கேட்கும் ஞானஸ்நான எண்ணிக்கைக்குப் பணிய வேண்டி வருகிறது. எண்ணிக்கை காட்டினால்தான் அடுத்த மாதம் பணம் என்றால், ஆசை காட்டி ஆள் சேர்க்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. எனவே கிராம ஊழியரின் சம்பளம் உள்ளூர்க் காணிக்கையிலிருந்தே வர வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கும் ஒழுங்காகக் கட்ட வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற அறிக்கையைச் சபை அவரிடம் கேட்கவே கூடாது.

இத்தனை கட்டுப்பாடு போட்டால் ஊழியத்தில் என்னதான் மிஞ்சும் என்று கேட்பவர்களுக்கு, கத்தோலிக்க சகோதரர்களின் வரலாற்றிலிருந்து ஒருவரைக் காட்டுகிறோம். அமெரிக்க இயேசு சபைக் குருவான யூஜின் ஹேபியர் பல தலைமுறை மாணவருக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990இல் இனக்கலவரத்தின் நடுவே மற்றவர்களுக்கு உதவி செய்ய வாழைச்சேனைக்குப் போனார். ஓகஸ்ட் 15ஆந் திகதி மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். இன்றுவரை தகவல் இல்லை. அவர் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் எந்தச் சமயத்தவரும் மதமாற்றக்காரர் என்று சொல்லமாட்டார்கள்.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்ட பின், ஊழியத்தை அடக்கி வாசிப்போம் என்று பயத்தில் சொன்னவர்களும் உண்டு, முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிப் பக்கமே இனி ஊழியம் செய்வோம் என்று கோபத்தில் சொன்னவர்களும் உண்டு. இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. பயத்தில் நிறுத்துவதும் பழிக்காகத் தொடங்குவதும் ஊழியமாகாது.

கூரை ஒழுகுகிறதே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கூரைக்கு வேறு நிதி திரட்டுவோம், சபைக்குள் இருக்கிற ஏழைகளுக்கு ஏழைகள் நிதியைப் பெருக்குவோம். ஊழியக் காணிக்கையில் கை வைக்க வேண்டாம். பணமில்லாத வீடுகள் நம் பாட்டிமார் செய்தது போல உலை வைக்கும்போது பிடியரிசி எடுத்து வைக்கலாம். 2021இல் உரமில்லாமல் போன போகத்திலும் அறுப்புப் பண்டிகைக்கு நெல் கொண்டுவந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

ஊழியக் கணக்கை ஆலயத்தின் அறிவித்தல் பலகையில் காலாண்டுக்கு ஒருமுறை ஒட்டும்படி சேகரக் கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் சைவ, முஸ்லிம், கத்தோலிக்க அயலவரிடமும் ஒரு வேண்டுகோள்: எங்கள் காணிக்கையில் வாழும் ஊழியர் யாராவது உங்கள் வீட்டிலோ ஊரிலோ மேலே சொன்ன எல்லையைத் தாண்டினால், பொலிசுக்குப் போகுமுன் எங்களிடம் வந்து சொல்லுங்கள். விசாரித்து உங்களுக்கு எழுத்தில் பதில் தரப் பொறுப்பேற்கிறோம்.