நின்ற இடத்திலிருந்து மீண்டும் படித்தவர்

எஸ்.பி.எம். முடித்துவிட்டு, "கொஞ்ச நாள் வேலை செய்கிறேன், பிறகு படிக்கிறேன்" என்று சொல்லும் மாணவர்களை ஹுத்தான் மெலிந்தாங்கில் நான் அடிக்கடி சந்திக்கிறேன். குடும்பத்தின் நிலை அப்படி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகள், "இனிமேல் என்ன படிப்பு?" என்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இடையில் நின்ற படிப்பு முடிந்துபோன படிப்பு ஆகாது. இதற்கு நம் பேராக் மாநிலத்திலேயே சிறந்த சான்று உண்டு.

ராசம்மா பூபாலன் அம்மையார் 1927இல் ஈப்போவில் பிறந்தவர். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வயதில் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினர். படிப்பு தடைபட்டது. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணிப் படையைத் தொடங்கியபோது, தம் சகோதரி பொன்னம்மாவுடன் அதில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 16. அந்தப் படையில் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெண்களும் இருந்தார்கள். ஈப்போவில் வளர்ந்த அந்தப் பெண் பர்மா வரை சென்றார். அந்தப் பயணம் போர்முனையை நோக்கியதாக இருந்தது.

போர் முடிந்து திரும்பியவர், "வயதாகிவிட்டது, இனி எதற்குப் பள்ளி?" என்று ஒதுங்கிவிடவில்லை. விட்ட இடத்திலிருந்து படித்தார். அன்று சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று, ஆசிரியர் ஆனார்.

கற்ற கல்வியை அவர் தமக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அக்காலத்தில், ஒரே தகுதியோடு ஒரே வேலையைச் செய்தாலும் பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம்தான். 1960இல் பெண் ஆசிரியர் சங்கம் அமைந்தபோது அதன் தோற்றுநர் தலைவராகி, சம ஊதியத்துக்குக் குரல் கொடுத்தார். பலரும் சேர்ந்து போராடியதன் பயனாக, 1969இல் அரசாங்கச் சேவையில் பெண்களுக்குச் சம ஊதியம் என்ற கொள்கை ஏற்கப்பட்டது. அதே ஆண்டு முதல் 1982 வரை கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் முதல்வராகப் பணியாற்றினார். அனைத்துலக ஆசிரியர் மாநாடுகளுக்கும் மகளிர் மாநாடுகளுக்கும் நாட்டின் பேராளராகச் சென்றுவந்தார். பள்ளிப் படிப்பைத் தொடர முடியாத ஏழைப் பெண்கள் ஒய்.டபிள்யூ.சி.ஏ. வழியாகத் தொழில் கற்கவும் துணை நின்றார். ஒரு பெரிய குடும்பத்தின் மூத்த தாய் செய்யும் வேலை இதுதானே!

"அவர் நகரத்தில் பிறந்தவர், நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள்" என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான், நம் பாட்டிகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனாலும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டு வேலை செய்யவும் பெண்பிள்ளைகள்தாம் முதலில் நிறுத்தப்பட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத அந்தப் பெண்கள்தாம், விடியுமுன் பிரட்டுக்குப் போய்க்கொண்டே தங்கள் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிவைத்தார்கள். கல்வியின் அருமை, கிடைத்தவர்களைவிடக் கிடைக்காதவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எனவே மாணவர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, உங்கள் வீட்டுப் பாட்டியிடம், "நீங்கள் எதுவரை படித்தீர்கள்? ஏன் நிறுத்தினார்கள்?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். அவர் போன பிறகு அந்த வரலாற்றை வேறு யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, வேலைக்குப் போனாலும் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். எஸ்.டி.பி.எம்., தொழிற்திறன் பயிற்சி, பொலிடெக்னிக், சமூகக் கல்லூரி எனத் திரும்பிவர இன்று பல வழிகள் உண்டு. உங்கள் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரைப் பார்த்து விண்ணப்ப நாளைக் கேளுங்கள். போர்க்களத்திலிருந்து திரும்பியவரால் மறுபடியும் புத்தகத்தைத் திறக்க முடிந்தது. தொழிற்சாலையிலிருந்து திரும்பும் உங்களாலும் முடியும்.