எதிரி யார்?

காங்கயத்திலிருந்து கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது வெள்ளகோவில். எண்ணெய் ஆலைகளும் விசைத்தறிகளும் நிறைந்த ஊர். இத்தகைய கொங்குச் சிற்றூர்களில், அந்தி நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சுவிசேஷப் பிரசங்கம் நடப்பதுண்டு. சாத்தானை முறியடிப்போம், பிசாசின் கோட்டையைத் தகர்ப்போம் என்று பிரசங்கியார் முழங்குவார். சிலர் உருகுவார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். தீமையோடு போர் தொடுப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் போரில் எதிரி யார்?

இந்தப் போர்ப் பேச்சு மிகப் பழையது. பவுல் அப்போஸ்தலர் பெயரால் வழங்கும் எபேசியர் நிருபம், சத்தியத்தைக் கச்சையாகவும் நீதியை மார்க்கவசமாகவும் விசுவாசத்தைக் கேடயமாகவும் தரிக்கச் சொல்கிறது. அதே இடத்தில், இந்தப் போராட்டம் மனிதர்களோடு அல்ல என்றும் தெளிவாகச் சொல்கிறது. கவசத்தை நினைவில் வைத்திருக்கும் பிரசங்கிகளில் சிலர் இந்த ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறார்கள்!

போர்க்கோலத்தையே பூண்ட ஒரு சபை உண்டு. 1865-ல் லண்டன் ஏழைகளிடையே வில்லியம் பூத் தொடங்கிய பணி, 1878-ல் இரட்சணிய சேனை என்று பெயர் பெற்றது. ஊழியர்களுக்குக் காப்டன், மேஜர் என்று பதவிகள். கொடியும் உண்டு, பாண்டு வாத்தியமும் உண்டு. சிவில் சர்வீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த பிரடெரிக் டக்கர் 1882-ல் பம்பாயில் இறங்கி, பக்கீர் சிங் என்று பெயர் வைத்துக்கொண்டு அச்சேனையை இந்நாட்டில் நிறுவினார்.

அந்தச் சேனையின் ஹாரி ஆண்ட்ரூஸ் நாகர்கோவிலில் ஏந்திய ஆயுதம் எது தெரியுமா? மருந்துப் புட்டி! 1893-ல் ஒரு குளியலறையில் அவர் தொடங்கிய சிறு மருந்தகமே பின்னர் காதரின் பூத் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1919-ல் வஜிரிஸ்தானில் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே காயமுற்றவர்களைக் காப்பாற்றும்போது அவர் உயிர் துறந்தார். இறந்த பிறகு விக்டோரியா கிராஸ் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவர் யாரையும் கொல்லப் போனவர் அல்லர்.

பிரசங்கம் கேட்டுக் குடியை விட்டவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் அடுப்பெரிவதே அதற்குச் சாட்சி. அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் கும்பிடும் சாமியைப் பேய் என்று ஒலிபெருக்கியில் சொன்னால், மறுநாள் அந்த இருவரும் ஒரே தறிக்கூடத்தில் எப்படி முகம் பார்ப்பார்கள்? காசநோய்க்கு மாத்திரையை ஆறு மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும். நோயைப் பிசாசு என்று சொல்லி நடுவில் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அது யாருக்கு வெற்றி? நோய்க்குத்தானே!

தீமைக்கா பஞ்சம்? கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்தும் கடனில் நெளிகிற குடும்பங்கள் இருக்கின்றன. மதுக்கடை வாசலில் கூலி கரைகிறது. சாதி பார்த்துத் தண்ணீர் கொடுக்கும் மனம் இன்னும் சாகவில்லை. சபைக்குள்ளும் அது புகுந்திருக்கிறது. இவற்றோடு போரிடட்டும் பிரசங்கியார். மேடையை விட்டு இறங்கி, வட்டிக்காரரிடம் ஓர் ஏழைக்காக வாதாடட்டும். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகட்டும். அப்போது அவர் வேதத்தை ஏற்காதவரும் அவரை நல்ல மனிதர் என்பார். தீமை தோற்றுப் பின்வாங்குவதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டுமா?